மண்புழு உரத்தைச் செடிகளுக்கு இடும் முறை: தேர்வு முதல் ஒப்பீட்டுச் சோதனை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மண்புழு உரம் வாங்குவோரில் பலர் அதைச் சாண எருவைப் போலவே கருதுகிறார்கள். செடியின் அடியில் மேலாகக் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஒரு வாரத்தில் இலை பச்சை பிடிக்கவில்லையே என்று மனம் சோர்ந்து விடுகிறார்கள். வேறு சிலரோ, இயற்கை உரம்தானே, அளவு மிஞ்சினால் என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது என்று தொட்டி முழுவதையும் அதனாலேயே நிரப்பிவிட்டு, நாற்றுகள் வளராமல் குன்றி நிற்பதைப் பார்த்துக் கலங்குகிறார்கள். மண்புழு உரம் செய்யும் வேலை இன்னதென்று தெரியாததால்தான் இரு சாராரும் ஏமாறுகிறார்கள். வேரையும் வேரைச் சுற்றியுள்ள மண்ணையும் சுறுசுறுப்பாக்குவதுதான் அதன் முதன்மையான வேலை. செடிக்குத் தேவையான சத்து முழுவதையும் அதுவே தந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆகவே அது சிறிய அளவில், வேர் எட்டும் இடத்தில், ஈரமும் உயிர்ப்பும் குறையாத நிலையில் இடப்பட வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த மூன்றையும் காப்பதற்கான வழிமுறையே.

இந்த உரத்தில் இருப்பது என்ன?

மண்புழுவுக்குப் பல் கிடையாது. அது விழுங்கும் மக்கையும் மண்ணையும் அதன் உடலுக்குள் இருக்கும் தசைப்பற்றுள்ள அரைவைப்பை, கூடவே விழுங்கப்பட்ட மணல் துகள்களின் உதவியோடு நைய அரைக்கிறது. பின்னர் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அதை மேலும் சிதைக்க, இறுதியில் சளிப்படலம் பூசிய சிறு குருணைகளாக அது வெளியேறுகிறது. ஒரு சிட்டிகை உரத்தை வெள்ளைத் தாளில் பரப்பி, உருப்பெருக்குக் கண்ணாடி வழியே பார்த்தால், ஒவ்வொரு குருணையும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்து உருண்டிருப்பதைக் காணலாம். குருணைக்குள் இருக்கும் நுண்துளைகள் நீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. குருணைகளுக்கு இடையே உள்ள வெளி காற்றுக்கு வழி விடுகிறது. நீரையும் காற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வைப்பது களிமண்ணாலும் முடியாது, மணலாலும் முடியாது.

சத்துகளைப் பொறுத்தவரை, புழுவுக்கு எதைத் தீனியாகக் கொடுத்தோமோ அதைப் பொறுத்தே உரத்தின் சத்து அமையும். பொதுவாக உலர்ந்த எடையில் தழைச்சத்து (நைட்ரஜன்) 1 முதல் 2 சதவீதம் வரையிலும், மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) ஏறத்தாழ 0.5 முதல் 1.5 சதவீதம் வரையிலும் இருக்கும். இந்த எண்களை வைத்து ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பது மிகவும் பயன் தரும். ஒரு கிலோ உரத்தில் 40 சதவீதம் ஈரம் என்று கொண்டால் மீதி 600 கிராம்தான் உலர்பொருள், தழைச்சத்து 1.5 சதவீதம் என்றால் அதில் இருப்பது 9 கிராம். அந்த 9 கிராமிலும் பெரும்பகுதி கரிமப் பொருளோடு பிணைந்திருப்பதால், ஒரு பகுதி மட்டுமே முதல் பருவத்தில் செடிக்குக் கிடைக்கும். தக்காளி, கத்தரி, மக்காச்சோளம் போன்ற பெருந்தீனிப் பயிர்களுக்கு ஒரு சதுர மீட்டருக்கு இதைவிடக் கூடுதலாகவே தேவைப்படும். எனவே இந்த உரம் ஒன்றை மட்டும் நம்பி அத்தகைய பயிர்களை வளர்ப்பது, அவற்றைப் பாதிப் பட்டினியில் விடுவதாகவே முடியும். மக்கிய எரு, பிண்ணாக்கு, பசுந்தாள் ஆகியவற்றோடு சேர்த்து இடுவதே முறை.

அப்படியானால் செடியின் வளர்ச்சியில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் எங்கிருந்து வருகிறது? பேரளவுக்கு அது கரிமப் பொருள் மக்கும்போது உருவாகும் ஹியூமிக் அமிலங்களிலிருந்தும், அவற்றோடு ஒட்டியிருக்கும் வளர்ச்சி ஊக்கிகளிலிருந்தும் வருகிறது. பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், மண்புழு உரத்திலிருந்து பிரித்தெடுத்த ஹியூமிக் அமிலங்கள் மக்காச்சோள வேர்களை நீளச் செய்ததோடு, பக்கவேர்கள் முளைக்கும் இடங்களையும் பெருக்கியதைக் காட்டினார்கள். பக்கவேர் பெருகிய செடி அதே மண்ணிலிருந்து கூடுதலான நீரையும் சத்தையும் எடுத்துக்கொள்கிறது. இந்த உரத்தை இலையின் நிறத்தைக் கொண்டு மட்டும் அளக்காமல் வேரைக் கொண்டும் அளக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அளவைப் பற்றியும் தெளிவான சான்றுகள் உண்டு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிளைவ் எட்வர்ட்ஸ் என்ற மண்புழு அறிஞரின் குழுவினர் பசுமைக்குடிலில் வளர்த்த தக்காளியில், நடவுக் கலவையின் 20 சதவீதத்தை நீக்கிவிட்டு அந்த இடத்தில் மண்புழு உரத்தைச் சேர்த்தபோது விற்பனைக்கேற்ற பழங்களின் விளைச்சல் உச்சத்தை எட்டியது. பாதிக்கும் குறைவாகச் சேர்த்த கலவைகளே, அதிகமாகச் சேர்த்தவற்றைவிடப் பெரும்பாலும் நல்ல பயனைத் தந்தன. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2019ஆம் ஆண்டில் வெளியான ஒரு தொகுப்பாய்வு, விளைச்சல் சராசரியாக 26 சதவீதம் கூடியதாகக் கணக்கிட்டதோடு, கலவையின் கொள்ளளவில் 30 முதல் 50 சதவீதம் வரை உரம் இருக்கும்போது வளர்ச்சி மிகுதியாக இருந்ததாகவும் கூறியது. இரண்டும் முரண்படுவதுபோலத் தோன்றலாம். ஆனால் உப்புச் சத்து குறைந்த உரமும் வளர்ந்த செடியும் கூடுதல் அளவைத் தாங்கும். உப்பு மிகுந்த சாண அடிப்படையிலான உரமும் இளம் நாற்றும் தாங்கா. தன்னிடம் உள்ள உரத்தின் உப்பு அளவு தெரியாதவர் 20 சதவீதத்தில் தொடங்குவதே பாதுகாப்பானது.

முதற்படி: உரத்தைச் சோதித்துத் தேர்ந்தெடுத்தல்

மற்ற எல்லாப் படிகளையும்விட இதற்கே கூடுதலாக நேரம் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பாதி மக்கிய குப்பையைச் சலித்துப் பையில் அடைத்தாலும் பார்வைக்கு அது மண்புழு உரம் போலவேதான் இருக்கும்.

முதலில் மூக்கை நம்புங்கள். நல்ல உரத்தில் முதல் மழை பெய்த மண்ணின் வாசனை இருக்கும். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி வந்தால் சாணம் இன்னும் முழுமையாக மாறவில்லை என்று பொருள். புளித்த நாற்றமோ அழுகல் நாற்றமோ வந்தால், காற்றில்லாமல் ஊறிக் கெட்டிருக்கிறது என்று பொருள். பிறகு கண்ணால் பாருங்கள்: வைக்கோல், இலை நரம்பு, காய்த்தோல் என்று மூலப்பொருளை அடையாளம் காண முடிந்தால் புழு அதை இன்னும் தின்று முடிக்கவில்லை. அடுத்து ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. இந்தப் பதம் இருந்தால் ஈரம் சரியாக இருக்கிறது.

சந்தேகம் தீராவிட்டால், சற்று ஈரமாக்கிய ஒரு கைப்பிடி உரத்தைக் காற்றுப் புகாத பையில் இட்டு மூன்று நாள் வைத்திருந்து திறந்து பாருங்கள். முதிர்ந்த உரத்தின் வாசனை மாறாது, முதிராதது நாறும்.

இவற்றுக்கும் மேலாக நான் எப்போதும் செய்வது முளைப்புச் சோதனை. ஒரு பங்கு உரத்தைப் பத்துப் பங்கு நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். இரண்டு தட்டுகளில் உறிஞ்சு தாளை விரித்து, ஒன்றை இந்த வடிநீராலும் மற்றொன்றை வெறும் நீராலும் நனைத்து, ஒவ்வொன்றிலும் இருபது முள்ளங்கி விதைகளைப் பரப்பி மூடி வையுங்கள். நான்கைந்து நாளில் முளைத்த விதைகளை எண்ணுவதோடு முளைவேரின் நீளத்தையும் அளவுகோலால் அளக்க வேண்டும். வடிநீர்த் தட்டில் முளைப்பு ஒன்றுபோல இருந்தும் வேர் மட்டும் குட்டையாகவோ நுனி பழுப்பாகவோ இருந்தால், உரத்தில் உப்போ முதிராத பொருளின் நச்சோ இருக்கிறது. அதை இன்னும் ஓரிரு மாதம் நிழலில் முதிரவிட்டு மறுபடி சோதிக்க வேண்டும்.

கால்நடைச் சாணத்திலிருந்து செய்யப்பட்ட உரத்துக்கு இன்னொரு சோதனையும் தேவை. புல்வெளிகளில் அகன்ற இலைக் களைகளைக் கொல்லத் தெளிக்கப்படும் அமினோபைரலிட், குளோபைரலிட் போன்ற களைக்கொல்லிகள், கால்நடையின் வயிற்றையும் குப்பைக் குழியையும் கடந்து உரத்தில் அப்படியே தங்கக்கூடியவை. மிகச் சிறிய அளவே இருந்தாலும் தக்காளியும் அவரை இனப் பயிர்களும் பாதிக்கப்பட்டுவிடும். ஆகையால் உரத்தையும் சாதாரண நடவுக் கலவையையும் சம அளவில் கலந்து மூன்று சிறு தொட்டிகளில் நிரப்பி, பீன்ஸ் விதையை ஊன்றி மூன்று வாரம் கவனியுங்கள். உரம் கலக்காத மண்ணிலும் ஒப்பீட்டுக்காக மூன்று தொட்டிகள் வையுங்கள். உரமிட்ட தொட்டியில் மட்டும் புதிய இலைகள் கிண்ணம்போலக் குவிந்தோ முறுக்கிக்கொண்டோ வந்தால், அந்த உரத்தைக் காய்கறித் தோட்டத்துக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

பையில் உயிருள்ள புழுக்கள் இருந்தால் அது உயர்ந்த உரம் என்று எண்ண வேண்டியதில்லை. உரம் தயாரிக்கப் பயன்படும் எய்சீனியா ஃபெட்டிடா, யூட்ரிலஸ் யூஜினியே, பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் ஆகிய இனங்கள் மக்கும் குப்பையில் மேற்பரப்பில் வாழ்பவை. தோட்டத்து மண்ணில் உணவு கிடைக்காமல் அவற்றில் பெரும்பாலானவை அழிந்துவிடும் அல்லது விலகிப் போய்விடும். சார்லஸ் டார்வின் 1881இல், ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கும் மேற்பட்ட மண் மண்புழுக்களின் உடல் வழியே சென்று வருவதாகக் கணக்கிட்டது நிலத்தைத் துளைத்து வாழும் வேறு வகைப் புழுக்களை வைத்துத்தான். உழவனின் தோழனென நாம் போற்றும் அந்த நாங்கூழ், நாம் சருகாலோ வைக்கோலாலோ மண்ணை மூடி, அதாவது மூடாக்கு இட்டு, ஈரம் காத்தால் தானாகவே வந்து சேரும்.

இரண்டாம் படி: சலித்தலும் சேமித்தலும்

நாற்றங்காலுக்கு 3 அல்லது 4 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். மற்றப் பயன்களுக்குச் சலிக்க வேண்டியதில்லை. சல்லடையில் தங்கும் கட்டிகளை உடைத்து மரங்களுக்கு இடலாம்.

உரம் முற்றிலும் காய்ந்துவிடக் கூடாது. எலும்பாகக் காய்ந்த உரம் தண்ணீரை ஏற்காமல் மேலே மிதக்கும். அதிலுள்ள நுண்ணுயிர்களும் பெருமளவு குறைந்துவிடும். நேர் வெயில் படாத இடத்தில், காற்றோட்டமுள்ள சாக்கிலோ துளையிட்ட கலத்திலோ வைத்து, கையில் குளிர்ச்சி தெரியும் அளவுக்கு அவ்வப்போது நீர் தெளித்து வாருங்கள். ஆறு மாதத்துக்குள் பயன்படுத்திவிடுவது நல்லது.

மூன்றாம் படி: விதைப்பிலும் நாற்றங்காலிலும்

கொஞ்சம் உரத்தை வைத்திருப்பவர் அதை எங்கே இட வேண்டும் என்று கேட்டால், நாற்றுத் தட்டில்தான் என்று தயங்காமல் சொல்வேன். ஒரு நாற்றுக்கு ஒரு தேக்கரண்டி அளவே செலவாகும். ஆனால் அந்த வயதில் உருவாகும் வேரமைப்பு செடியோடு கடைசிவரை வரும்.

கலவையின் கணக்கு எளியது. கொள்ளளவில் நான்கு பங்கு தேங்காய் நார்த்தூள் அல்லது வேறு நாற்றுக் கலவைக்கு ஒரு பங்கு சலித்த மண்புழு உரம் சேர்க்க வேண்டும். நீர் வடிய வேண்டியிருந்தால் நார்த்தூளில் கால்பங்கைக் குறைத்து அதற்கு ஈடாகப் பெர்லைட் என்னும் பொரித்த எரிமலைப் பாறைத் துகளோ பருமணலோ சேர்க்கலாம். கீரை, மிளகாய் போன்ற மிக நுண்ணிய அல்லது மெதுவாக முளைக்கும் விதைகளுக்கு 10 சதவீதம் போதும். தேங்காய் நார்த்தூளை நன்கு கழுவிப் பயன்படுத்துங்கள்; கழுவாத தூளின் உப்பும் உரத்தின் உப்பும் சேர்ந்தால் முளை தாங்காது.

ஒரு பருவத்தில் நான் ஒரு நாற்றுத் தட்டு முழுவதையும் வெறும் மண்புழு உரத்தால் நிரப்பி விதைத்தேன். முதல் நாலைந்து நாள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒவ்வொரு முறை தண்ணீர் தெளிக்கும்போதும் குருணைகள் கரைந்து, மேற்பரப்பு மெழுகியதுபோலப் பளபளத்து இறுகியது. தெளித்த நீர் உள்ளே இறங்காமல் குழிகளின் மேலேயே கண்ணாடிபோல நின்றது. முளைத்த நாற்றுகள் இரண்டிலை விட்டதோடு நின்றுவிட்டன. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தபோது, வேர் கீழே இறங்காமல் மேல் அரை அங்குலத்திலேயே சுருண்டு, நுனி பழுப்பாகிக் கிடந்தது. அதே நாளில் ஐந்தில் ஒரு பங்கு உரம் கலந்து விதைத்த மற்றொரு தட்டில் இருந்த நாற்றைத் தள்ளி எடுத்தபோதோ, குழியின் வடிவத்தை அப்படியே பிடித்திருந்த வேர்க்கட்டியும், கருங்குருணைகளைப் பற்றிக்கொண்டு மயிரிழைபோல ஓடிய வெண்ணிற வேர்களும் கண்ணில் பட்டன. அன்றிலிருந்து நாற்றுக் கலவையை அளவு குவளை இல்லாமல் நான் கலப்பதில்லை.

நேரடியாக நிலத்தில் விதைப்பவர்கள், விதைக்கும் சாலில் உரத்தை மெல்லிய கோடாகத் தூவி, அதன்மேல் சிறிது மண்ணைப் பரப்பி, பிறகு விதையிட வேண்டும்.

நாற்றழுகல் நோயைப் பற்றி ஒரு சொல். நல்ல மண்புழு உரத்தில் உள்ள பலவகை நுண்ணுயிர்கள், நாற்றழுகலை உண்டாக்கும் பித்தியம், ரைசோக்டோனியா போன்ற நோய்க்கிருமிகளை அடக்குவது சோதனைகளில் காணப்பட்டுள்ளது. ஆனாலும் அது உரத்துக்கு உரம் மாறுபடும். நீரை அளவோடு ஊற்றுவதும் காற்றோட்டம் தருவதுமே முதல் பாதுகாப்பு.

நான்காம் படி: நடவுக் குழியில்

நாற்றைப் பிடுங்கி நடும்போது வேர் அறுபடுவதும் சில நாள் வாடுவதும் இயல்பு. அந்த நேரத்தில் வேரைச் சுற்றி உரம் இருந்தால், செடி புது வேர் விட்டு விரைவில் நிலைகொள்ளும். சிறு நாற்றுக்கு ஒரு கைப்பிடியும், தக்காளி, கத்தரி, பூசணி போன்றவற்றுக்கு இரண்டு கைப்பிடியும் போதும். ஒரு கைப்பிடி ஏறத்தாழ 50 முதல் 100 கிராம் வரை இருக்கும். உரத்தைக் குழியின் அடியில் தனி அடுக்காக விடாமல், எடுத்த மண்ணில் பாதியோடு கலந்து குழியின் அடியிலும் பக்கங்களிலும் இடுங்கள். தனி அடுக்காக விட்டால் அந்த இடத்தில் மட்டும் நீர் தேங்கும். வேரும் அந்த வளமான இடத்தை விட்டு வெளியே வரத் தயங்கும். நட்டபின் மெதுவாக நீரூற்றி மூடாக்குப் போட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: தொட்டிச் செடிகளுக்கு

புதிதாகத் தொட்டி நிரப்புவோர் மொத்தக் கலவையில் ஐந்தில் ஒரு பங்கு உரம் சேர்த்தால் போதுமானது. ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் செடிக்கு மேலுரமாக இடுவதே வழி. மேல்மண்ணை ஒரு முள்கரண்டியாலோ சிறு கொத்தாலோ ஒன்றிரண்டு செ.மீ. ஆழத்துக்கு மெல்லக் கிளறி, உரத்தை ஒரு செ.மீ. கனத்துக்குப் பரப்பி, கிளறிய மண்ணோடு கலந்துவிட வேண்டும். இருபத்தைந்து செ.மீ. விட்டமுள்ள தொட்டிக்கு இது ஏறக்குறைய அரை லிட்டர், அதாவது 300 முதல் 400 கிராம் வரை ஆகும். தண்டை ஒட்டி உரம் குவியாமல் இரண்டு விரற்கடை இடைவெளி விடுங்கள். எப்போதும் ஈரமாக இருக்கும் பொருள் தண்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் அழுகல் தொடங்கும். செடி வேகமாக வளரும் காலத்தில் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை இட்டால் போதும். வளர்ச்சி ஓய்ந்திருக்கும் காலத்தில் இடவே வேண்டாம்.

பூக்கும், காய்க்கும் செடிகளுக்கு மொட்டு கட்டும் நேரத்தில் ஒருமுறையும், பிஞ்சு பிடித்தபின் ஒருமுறையும் இடுவது நல்ல பயன் தரும். கள்ளி வகைகளுக்கும் சதைப்பற்றுள்ள செடிகளுக்கும் கலவையில் 5 முதல் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பூச்சி தின்னும் செடிகளுக்கு இந்த உரத்தை அறவே தவிர்க்க வேண்டும். சத்தற்ற சதுப்பில் வாழப் பழகிய அவற்றின் வேர் இந்த உப்பைத் தாங்காது.

ஆறாம் படி: பாத்திகளுக்கும் மரங்களுக்கும்

பாத்திக்கு ஒரு சதுர மீட்டருக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை தூவி, மேல் 5 முதல் 10 செ.மீ. மண்ணில் கலந்துவிடுங்கள். அதைவிட ஆழமாகப் புதைத்தால் உணவு எடுக்கும் நுண்வேர்களுக்குப் பயன்படாமல் போகும். உரம் கைவசம் குறைவாக இருந்தால் பாத்தி முழுவதும் தூவாமல், செடி நிற்கும் வரிசையில் மட்டும் இட்டால் போதும். நான் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறேன். மக்கிய எருவைப் பாத்தி முழுவதற்கும் அடியுரமாகவும் மண்புழு உரத்தை வேரடிக்கும் என்று பிரித்துக்கொள்வது சிக்கனமும் பயனும் உள்ள முறை.

மரங்களுக்கு இடும்போது அடிமரத்தைச் சுற்றிக் குவிப்பது பெரும்பாலோர் செய்யும் பிழை. உணவு எடுக்கும் வேர்கள் கிளைகளின் நிழல் முடியும் விளிம்பை ஒட்டியே மிகுதியாக இருக்கும். அந்த வட்டத்தில் மண்ணை இலேசாகக் கிளறி, வளர்ந்த மரத்துக்கு 3 முதல் 5 கிலோ வரை பரப்பி, மேலே சருகால் மூட வேண்டும். எங்கு இட்டாலும் இந்த மூடாக்கு மிக முக்கியம். வெறும் மேற்பரப்பில் வெயில் பட்டுக் காயும் உரத்தில், நாம் காசும் உழைப்பும் கொடுத்துப் பெற்ற உயிர்ப்பு வெகு சீக்கிரமே போய்விடுகிறது.

இரசாயன உரமும் இடுபவர்கள் இரண்டையும் ஒரே நாளில் ஒன்றாகக் கலந்து இடாமல், ஒரு வார இடைவெளி விடுவது நல்லது. சுண்ணாம்பையும் இதனோடு நேராகக் கலக்கக் கூடாது. தழைச்சத்து அம்மோனியாவாக மாறிக் காற்றில் போய்விடும்.

ஏழாம் படி: ஊறல் நீர்

குறைந்த உரத்தைக் கொண்டு நிறையச் செடிகளுக்குப் பயன் கொடுக்க ஊறல் நீர் உதவும். குளோரின் கலந்த குழாய் நீராக இருந்தால் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வையுங்கள். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் கலந்த நீராயின் அது அவ்வாறு ஆவியாகிப் போகாது, ஆகவே மழைநீரே நல்லது. ஒரு பங்கு உரத்தைத் துணியில் தளர்வாகக் கட்டிப் பத்துப் பங்கு நீரில் அமிழ்த்தி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை நன்றாகக் கலக்கிவிட்டு, ஒரு நாளைக்குள் வடித்து, அன்றைக்கே வேரடியில் ஊற்றிவிட வேண்டும். மீன் தொட்டிக்குப் பயன்படும் காற்று மோட்டாரை வைத்துக் குமிழி விடுபவர்களும் உண்டு. அது நீர் அழுகாமல் காக்கும். ஆனால் நுண்ணுயிரைப் பெருக்குவதற்காகச் சர்க்கரைப் பாகு சேர்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. உரத்தில் தீங்கு செய்யும் பாக்டீரியா சிறிதளவு இருந்தாலும் அதுவும் சேர்ந்தே பெருகும். பச்சையாக உண்ணும் கீரை, இலைக் காய்கறி ஆகியவற்றின் இலைமேல் எந்த ஊறல் நீரையும் தெளிக்காதீர்கள்.

புழுத் தொட்டியின் அடியில் தானாக வடிந்து சேரும் பழுப்பு நீரை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது அரைகுறையாக மக்கிய பொருள்களின் ஊடே வடிந்த கழிவு நீர். நாற்றமடித்தால் கொட்டிவிடுங்கள், நாற்றமில்லாவிட்டால் பத்து மடங்கு நீர் சேர்த்து அலங்காரச் செடிகளுக்கு மட்டும் ஊற்றலாம்.

இட்டபின் வரக்கூடிய கோளாறுகள்

இட்ட ஓரிரு வாரத்தில் கீழ் இலைகள் வெளிறினால், உரம் முதிராமல் இருந்திருக்கலாம். மீதமுள்ள குப்பையை மக்கச்செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்கின்றன. தழைச்சத்து மிகுந்த பிண்ணாக்குக் கரைசல் கொடுத்தால் செடி தேறும். இலை விளிம்பும் நுனியும் கருகினால் உப்பே காரணம். தொட்டியின் கொள்ளளவைப்போல இரு மடங்கு நீரை மெதுவாக ஊற்றி அடித்துளை வழியே முழுதும் வடியவிட்டு, அடுத்த மேலுரத்தின் அளவைப் பாதியாக்குங்கள். வீட்டுக்குள் வைத்த செடிகளில் சிறு கருங்கொசுக்கள் மொய்த்தால், மேல்மண் எப்போதும் ஈரமாக இருப்பதாகப் பொருள். உரத்தை மேலே விடாமல் கலவைக்குள் புதைத்து, மேலே ஒரு செ.மீ. காய்ந்த மணலைப் பரப்பி, தட்டில் நீர் வைத்துக் கீழிருந்து உறிஞ்சவிடுங்கள். மேற்பரப்பில் வெள்ளைப் பூசணம் பூப்பது தீங்கற்றது, கிளறிவிட்டால் போதும். தக்காளி, பூசணி நாற்றுகள் தாமாக முளைப்பதும் இயல்பே. புழு வளர்ப்பில் விதையைக் கொல்லும் அளவுக்குச் சூடு ஏறுவதில்லை.

அசுவினி, மாவுப்பூச்சி போன்றவை குறைந்ததாகச் சில சோதனைகள் காட்டியுள்ளன. இருந்தாலும் இந்த உரத்தைப் பூச்சிமருந்தாக எண்ணி மற்றக் கவனிப்புகளைக் கைவிட்டுவிடக் கூடாது.

எட்டாம் படி: உங்கள் மண்ணில் பயன் உண்டா என்று அறிதல்

ஒரே தொட்டியில் உரம் இட்டுவிட்டு, செடி செழித்ததால் உரம் வேலை செய்தது என்று முடிவு கட்ட முடியாது. பருவம், வெயில், நீர் எல்லாமே வளர்ச்சியை மாற்றும். ஆகவே ஒரே அளவுள்ள பத்துச் சிறு தொட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தில் வழக்கமான கலவையை மட்டும் நிரப்புங்கள். மற்ற ஐந்தில் அதே கலவையோடு ஐந்தில் ஒரு பங்கு உரம் சேர்த்து நிரப்புங்கள். ஒரே பொட்டலத்து விதையை ஒரே நாளில் ஊன்றி, தொட்டிகளைக் கலந்து வைத்து, வாரம் ஒருமுறை இடம் மாற்றி, ஒரே அளவில் நீர் ஊற்றி வாருங்கள். ஒவ்வொரு தொட்டியிலும் முளைத்த நாள், நான்காம் இலை வந்த நாள் ஆகியவற்றைக் குறித்துவைக்க வேண்டும்.

முப்பதாம் நாள், செடிகளை இழுத்துப் பிடுங்காமல், தொட்டியை வாளி நீரில் அமிழ்த்தி மண்ணைக் கரையவிட்டு எடுங்கள். வேரை அலசி, ஒரு வெள்ளைத் துணியின்மேல் பத்துச் செடிகளையும் இரு வரிசையாகக் கிடத்தி, உயரத்தைப் பார்க்குமுன் வேரின் அடர்த்தியைப் பாருங்கள். உரமிட்ட வரிசையில் பக்கவேர்கள் பின்னிக் கொத்தாக இருந்தால் அந்த அளவையே தொடருங்கள். நுனி கருகியோ வேர் குட்டையாகவோ இருந்தால் அளவைப் பாதியாக்கி மறுபடி செய்து பாருங்கள். இரு வரிசைக்கும் வேறுபாடே தெரியாவிட்டால் உங்கள் வழக்கமான கலவை ஏற்கெனவே வளமாக இருக்கிறது. அந்தப் பையில் மீதமுள்ள உரத்தை வளம் குன்றிய பாத்திக்கோ, வேர் பிடிக்காமல் தவிக்கும் புதிய நடவுக்கோ எடுத்துச் செல்லுங்கள்.